காது ஆறும் நேரம்

எங்கள் அண்ணிக்கு நான் வைத்த பெயர் குண்டூசி. ஒல்லியாக இருப்பார் என்பதால் அல்ல. பக்கத்து அறையில் ஒரு குண்டூசி விழுந்தால், இருந்த இடத்திலிருந்தே "எடுத்து வை, யார் கால்லயாவது குத்திடும்" என்று சொல்லக்கூடியவர் என்பதால்.

அவர் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பிறகு என் தொழில் படுத்துவிட்டது. தொழில் என்றால் குறும்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிய பிறகு எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றால், "மூச்சு வாங்குது பாரு, வெளிய வா" என்பார். பிஸ்கட் டப்பாவைத் துண்டு சுற்றித் திறந்தாலும் சமையலறையிலிருந்து, "ரெண்டு போதும் தம்பி" என்று குரல் வரும். தலையணைக்கு அடியில் என் போன் அதிர்ந்தால், "அந்தப் பொண்ணுக்குப் பதில் போடு, பாவம்" என்பார். அதிர்வை வைத்து ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்தக் காதுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. மின்விசிறி செய்கிற தொழிற்சாலை. விசிறி பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதன் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சத்தம் எவ்வளவு என்று சொல்ல ஒரு மீட்டர் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு மனிதன் தூங்குவானா, எழுந்து உட்கார்ந்து விசிறியை முறைப்பானா என்று மீட்டருக்குத் தெரியாது. அதற்குத்தான் அண்ணி.

அதற்கென்று தனி அறை. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகப் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளியே லாரி மோதினாலும் உள்ளே தெரியாது. கூரைக் கொக்கியில் விசிறியை மாட்டி ஓட விடுவார்கள். கீழே நாற்காலியில் அண்ணி. பேரிங் கரகரக்கிறதா, உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் ரீங்காரம் போடுகிறதா, இறக்கை எங்காவது டக்கென்று சொடுக்குகிறதா என்று கேட்டு, தேறியது தேறாதது பிரிப்பார்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் போனதும் விசிறியைத் தொடக் கூடாது. வெளியே சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ் இரைச்சல், பட்டறை இரைச்சல் எல்லாம் காதிலிருந்து வடியும்வரை. இதற்குக் காது ஆற வைப்பது என்று பெயர். சோற்றை ஆற வைப்பார்கள், புண் ஆறும், காதையும் ஆற வைப்பார்கள் என்று எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

"சும்மா உக்கார்றதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"நீ உக்காந்தா நாற்காலி கிறீச்சுங்கும். உன்னால ஒரு நிமிஷம் ஆடாம இருக்க முடியுமா?"

சேர்ந்த புதிதில் அண்ணி நேராக சூப்பர்வைசரிடம் போய் நின்றிருக்கிறார்.

"சார், ரூம்ல சத்தம் இருக்கு."

"சத்தமே இல்லாத ரூம்மா அது."

"இருக்கு சார். மெல்லிசா கொய்ங்னு ஒண்ணு. கூடவே டுப்பு டுப்புன்னு ஒண்ணு."

எலக்ட்ரீஷியன் வந்தார். விளக்கைக் கழற்றினார், ஒயரைப் பிரித்தார், ஒரு பக்கச் சுவரின் பஞ்சையே உரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கடைசியில் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். "ஆமா சார், இருக்கு! மேடம் சொன்னது கரெக்ட். ஆனா டுப்பு டுப்பு அவங்க சொன்னதைவிட வேகமா இருக்கு."

"யோவ்" என்றார் சூப்பர்வைசர், "அது உன் நெஞ்சுய்யா."

இரண்டு பேர் சேர்ந்து தங்கள் உடம்பையே ரிப்பேர் செய்யப் பார்த்த கதை தொழிற்சாலை முழுக்கப் பரவியது. பிறகு சூப்பர்வைசர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "அங்க உக்காந்தா மொதல்ல உடம்பு கேக்கும்மா. அது பழகிடும். அதுக்கப்புறமும் ஒண்ணு கேக்க ஆரம்பிக்கும். அதைப் பத்தி எங்கிட்ட கேக்காத. நானும் அந்த நாற்காலியில இருந்தவன்தான். தாங்காமதான் எழுந்து ஓடி வந்து சூப்பர்வைசர் ஆனேன்."

அண்ணி இதை எங்களிடம் சிரிப்புச் சிரிப்பாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அப்பாவும் சிரித்தார். அப்போது அப்பாவால் வாய்விட்டுச் சிரிக்க முடிந்தது.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் "ஒரு தரம்" என்று தொடங்கினால் தகரக் கூரை மேல் இருக்கிற புறாக்கள் இடத்தைக் காலி செய்துவிடும். மைக் வாங்கித் தருகிறோம் என்றபோது, "மைக்குக்குக் காது வலிக்கும்" என்று மறுத்தவர். வீட்டில் தண்ணீர் கேட்டால் தெருமுனையில் இருப்பவன் சொம்போடு வருவான். அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் ஒரு காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வலது பக்கமாகச் சாய்த்துவிட்டது. கையும் காலும் பாதி திரும்பின. குரல் மட்டும் நூலாகிப்போனது. அவர் உயிரைக் கொடுத்துக் கத்தினால், மற்றவர்கள் பெருமூச்சு விடுகிற அளவுக்குச் சத்தம் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வாரம்தோறும் வருவார். நாங்கள் டாக்டரம்மா என்போம். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"இவருக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு. நான் குடுக்கிற பயிற்சியைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. அவர் கூப்பிடணும், நீங்க போய் நிக்கணும். எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் சரி. போகப் போகக் குரல் ஏறும். கூப்பிட்டு யாரும் வரலேன்னு வைங்க, ஒரு நாள் அவரே விட்டுடுவார். மனசுல விட்டுட்டார்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இருக்கிற குரலும் போயிடும்."

நாங்கள் பெரிதாகத் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணன் அன்றைக்கே கட்டிலோரம் மாட்ட ஒரு காலிங் பெல்லும் வாங்கி வந்தான். கொஞ்ச நாளில் அதன் பேட்டரி டிவி ரிமோட்டுக்குப் போய்விட்டது. பெல் மட்டும் அழகாகத் தொங்கியது.

அண்ணனுக்கு பேக்கரி அடுப்பில் வேலை. விடியுமுன் போய் மதியம் வருவான். வந்ததும் அப்பாவைச் சாப்பிட வைத்துவிட்டு மாவு மூட்டை மாதிரி விழுந்து தூங்குவான். நான் காலையில் அண்ணியை ஸ்கூட்டரில் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, மதியம்வரை அப்பாவோடு இருந்து, பிறகு செல்போன் கடைக்குப் போய்க் கண்ணாடி ஒட்டுவேன். மாலையில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு திரும்புவேன். அதிலிருந்து அப்பா அண்ணி பொறுப்பு.

வெளியாள் பார்த்தால் கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, துவைத்த போர்வை. கூப்பிட்டால் மட்டும் யாரும் வரமாட்டோம்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. அண்ணன் தூங்குகிறான். என் காதில் ஹெட்போன். அண்ணி சமையலறையில், புகை இழுக்கிற விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அப்பா "அம்மாடி" என்பார். அண்ணியை அவர் கூப்பிடுவது அப்படித்தான். முன்பு அந்தக் கூப்பாட்டுக்கு அடுப்பே அணைந்துவிடும். இப்போது "ம்மா…டி" என்று இரண்டு துண்டாக, நடுவில் ஒரு மூச்சோடு, நூல் மாதிரி வரும். சமையலறையிலிருந்து பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அப்புறம் நின்றுவிடும். பிறகு அண்ணி தானாக வருகிற மாதிரி தண்ணீரோடு வந்து, "தூங்கிட்டீங்களா மாமா? கூப்பிடவே இல்லையே" என்பார்.

இது எவ்வளவு நாள் ஓடியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நடுவில் அண்ணியின் தொழிற்சாலையில் ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் அண்ணி ஒரு விசிறியைக்கூடத் தேற்றவில்லை. வரிசையாக எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"ஏம்மா, காலையிலேருந்து ஒண்ணுகூடவா தேறல? எல்லாத்துலயும் அப்படி என்ன சத்தம்?"

"முனகுது சார்."

"ஃபேன் எப்படிம்மா முனகும்?"

அவரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். முனகலும் இல்லை, மண்ணும் இல்லை. அண்ணியை ஒரு பார்வை பார்த்தார்.

"காது ஆற வைக்காம ஆரம்பிச்சியா?"

உண்மைதான். அண்ணி சில நாட்களாகவே அந்தச் சும்மா உட்கார்தலை விட்டிருந்தார். சிவப்பு விளக்கைப் போட்டதும் முதல் விசிறியையும் போட்டுவிடுவார். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா வேற வழியில்ல. போய் உக்காரு" என்று கதவை அவரே வெளியிலிருந்து சாத்திவிட்டார். மறுநாளிலிருந்து அண்ணி பழையபடி தினமும் உட்கார்ந்தார்.

அது ஏன் நடந்தது என்று நான் தெரிந்துகொண்டது பிறகுதான். அதற்குள் வீட்டில் டாக்டரம்மா சொன்ன அந்த நாள் வந்துவிட்டது.

அன்றைக்கு டாக்டரம்மா வந்து, வழக்கம்போல் "ஆ சொல்லுங்க ஐயா" என்றார். அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. "என் பேரைச் சொல்லுங்க." உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை. டாக்டரம்மா தொண்டையைத் தொட்டுப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார்.

"போன வாரம் இதைவிட நல்லா இருந்தாரே. என்ன ஆச்சு? வீட்டுல கூப்பிடுறாரா?"

"எங்க டாக்டர்? அவர் கூப்பிடுறதே இல்ல" என்றான் அண்ணன்.

அப்பா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு இடது கையை இல்லை என்று விரித்தார். போய்விட்டது என்று சொல்கிற கை.

"வர்றது உங்களுக்குக் கேக்கலையோ என்னவோ" என்றார் டாக்டரம்மா எங்களைப் பார்த்து. "சத்தம் சின்னதா இருக்கும். காதை வச்சுக் கேக்கணும்."

அண்ணனுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமை வந்தது. அவன் கெட்டவன் இல்லை. மனைவியைப் பற்றிப் பெருமையாகப் பேச ஓர் இடம் கிடைத்தால் விடமாட்டான், அவ்வளவுதான்.

"என்ன டாக்டர் அப்படிச் சொல்லிட்டீங்க? இவ யாருன்னு நெனச்சீங்க? பக்கத்து ரூம்ல குண்டூசி விழுந்தா கேக்கும் இவளுக்கு. அந்தக் காதுக்குத்தான் ஃபேக்டரியில சம்பளமே குடுக்கிறான். இவளுக்கே கேக்கலேன்னா, அப்பாவுக்குச் சத்தம் வரலேன்னுதானே அர்த்தம்?"

அப்பா தலையை ஆட்டினார். மெதுவாக, ஆமாம் ஆமாம் என்று. ஒரு வருத்தமும் இல்லாமல், கணக்குச் சரி என்கிற மாதிரி. அவரும் இதே வழியாகத்தான் அந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுத்த இடத்தில் தன் குரல் வருகிறதா இல்லையா என்று சரிபார்க்க அவரிடம் இருந்த ஒரே மீட்டர் அண்ணியின் காது. அந்த மீட்டர் அசையவில்லை. அதனால் குரல் செத்துவிட்டது.

நான் அண்ணியைப் பார்த்தேன். புடவைத் தலைப்பின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

மறுநாள் ஸ்கூட்டரில் போகும்போது பின்னாலிருந்து பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் ஸ்கூட்டரில்தான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

"தம்பி, எனக்குக் கேட்டுச்சு."

"என்ன அண்ணி?"

"மாமா கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும்."

நான் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றினேன். "அந்த விசிறி தடதடன்னு ஓடுமே அண்ணி…"

"அதைத் தாண்டிக் கேட்டுச்சு. நாள் பூரா கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தா காதை இழுத்து மூடிடணும்போல இருக்கும். மொத நாள் சரி, ஒரு நிமிஷம் கழிச்சுப் போலாம்னு நின்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல. மாமாவும் கோவிச்சுக்கல. அடுத்த நாள் இன்னும் ஈசியா இருந்துச்சு. அவ்வளவு ஈசியா இருந்துச்சு தம்பி, அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு."

நான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். "விடுங்க அண்ணி. அப்பா சந்தையில கத்துன கத்துக்கு நம்ம குடும்பத்துக்கே காது கொஞ்சம் ஓய்வு எடுத்தா தப்பில்ல."

நான் சொன்னது எனக்கே புளித்தது.

பிறகு அண்ணி அந்த அறையைப் பற்றிச் சொன்னார். இத்தனை நாள் சொல்லாதது. "ஆரம்பத்துல உடம்புச் சத்தம். அது பழகுனதும் தலைக்குள்ள ஒரே கூட்டம். எங்கம்மா திட்டுறாங்க, உங்கண்ணன் சாப்பாடு கேக்கிறார், நீ கிண்டல் பண்ற, என்னைக்கோ கேட்ட பாட்டு ஓடுது. இதுல என் குரல் எதுன்னே எனக்குத் தெரியாது. தினம் உக்கார உக்கார, பஸ்ல ஆளுங்க எறங்கற மாதிரி ஒவ்வொருத்தரா எறங்கிப் போயிட்டாங்க. கடைசி ஸீட்டுல ஒருத்தி மட்டும் எறங்காம உக்காந்திருக்கா. பார்த்தா நான். அவ பெருசா ஒண்ணும் பேசல. ஒரே வார்த்தைதான். 'கேட்டுச்சு'ங்கிறா. நானும் 'இல்ல'ங்கிறேன். 'கேட்டுச்சு'ங்கிறா. அதான் உக்கார்றதையே விட்டேன். விட்டா, எல்லா ஃபேனும் மாமா மாதிரி முனகுது."

தொழிற்சாலை வாசல் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தினேன். இறங்கி முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

"நேத்து அவ்வளவு பேர் முன்னால உங்கண்ணன் என்னைப் புகழ்ந்தப்ப செத்திரலாம்போல இருந்துச்சு. வாயைத் தெறக்கல பாரு. நீயும்தான் தெறக்கல."

"நான் என்ன அண்ணி சொல்றது? நான் ஹெட்போன் போட்டிருந்தேன்."

"அதுல பாட்டு ஓடலையே."

நான் வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உன் ஹெட்போன்ல பாட்டு ஓடுதா இல்லையான்னு எனக்குக் கேக்காதா தம்பி?" என்றார். கோபமே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கடையில் நான் ஒட்டிய கண்ணாடி எல்லாவற்றிலும் குமிழி.

அண்ணி முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தார். யார்தான் பார்க்கமாட்டார்கள்? இனிமேல் கூப்பிட்டவுடன் ஓடிவிடுவது, பழையதைப் பேசாமல் விட்டுவிடுவது. அன்று மாலை புகை விசிறியை நிறுத்தினார். டிவியை நிறுத்தினார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. குழாய் சொட்டுகிறது. அண்ணன் உள்ளே குறட்டை விடுகிறான். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கூப்பாடு வரவில்லை. அடுத்த நாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். அப்பாவுக்குத் தாகம் எடுத்தால் தம்ளரைப் பார்ப்பார். ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்ப்பார். வாய் அசையவில்லை. அண்ணி எழுந்து செய்வார். திரும்ப உட்காருவார். செத்துப்போன குரலை வைத்து யாராவது கூப்பிட்டுப் பார்ப்பார்களா?

அந்த வாரக் கடைசியில், டாக்டரம்மா வருவதற்கு முந்தின நாள் மாலை, அண்ணி வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே கட்டில் முன்னால் போய் நின்றார். நான் வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா" என்றார். "உங்களுக்குக் குரல் போகல."

அப்பா அவரைப் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சு மாமா. நீங்க கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சு. கேட்டுத்தான் வரல."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. புரியவில்லையோ என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"மழை வந்த அன்னைக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க. 'நனையுது'ன்னீங்க. கேட்டுச்சு. ஒரு நாள் 'வாய் கசக்குது'ன்னு சொன்னீங்க, கேட்டுச்சு. போர்வை கீழ விழுந்தப்ப என்னைக் கூப்பிட்டீங்க. நான் வரலேன்னதும் சின்னவனைக் கூப்பிட்டீங்க. அவனும் வரல. அப்புறம் அத்தையைக் கூப்பிட்டீங்க."

அத்தை என்றால் என் அம்மா. அம்மா போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. அந்தக் கூப்பாடு எனக்குக் கேட்டிருக்கவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் பாட்டு ஓடியிருக்கிறது போல.

அப்பாவின் இடது கை பக்கத்து ஸ்டூலில் துழாவியது. தம்ளர் கிடைத்தது. எறிந்தார். அது அண்ணியின் தோளில் பட்டு, தண்ணீர் முகமெல்லாம் தெறித்து, தரையில் உருண்டது.

"பாவி!"

வந்தது குரல். கரகரவென்று, உடைந்து, ஆனால் முழுசாக. "பாவி. பாவி." உள்ளேயிருந்து அண்ணன் தூக்கக் கலக்கத்தில் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "யாரு? யாரு கத்துனது?"

"அப்பா" என்றேன்.

"அப்பாவா?" அவன் முகத்தில் சந்தோஷம் வந்து, அண்ணி நனைந்து நிற்பதைப் பார்த்து, பாதியில் நின்றது.

அண்ணி முகத்தைத் துடைக்கவில்லை. "கேட்டுச்சு மாமா" என்றார்.

"போ" என்றார் அப்பா. அதுவும் தெளிவாக வந்தது. அண்ணி குனிந்து தம்ளரை எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போனார். அண்ணனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அண்ணியைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் போய் டிவி ரிமோட்டைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, கட்டிலோரப் பெல்லில் போட்டான். மூடி பொருந்தவே மாட்டேன் என்றது. ரொம்ப நேரம் அதை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் வைத்துவிட்டுத் திரும்பியதும் அப்பா பெல்லைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டார்.

மறுநாள் டாக்டரம்மா ஆச்சரியத்தில் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "என்ன ஐயா, சத்தம் இப்படி வருது! என்ன பயிற்சி குடுத்தீங்க?"

அப்பா அண்ணியைப் பார்த்தார். இப்போது அவருக்கும் எல்லாம் தெரியும். அவர் நினைத்தால் சொல்லலாம், சொல்கிற குரலும் இப்போது இருக்கிறது. சொல்லாமல், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன தடவை நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும் டாக்டர்" என்றார் அண்ணி. முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. நான் போகல. என் காதை நம்பி அவர் விட்டுட்டார்."

டாக்டரம்மா கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எனக்குத் தரையில் ஒரு எறும்பு கிடைத்தது, அதைப் பார்த்துக்கொண்டேன்.

"சரி" என்றார் கடைசியில். "இனிமே?"

"போவேன்."

அதிலிருந்து அப்பா பழிவாங்க ஆரம்பித்தார். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிடுவார். "அம்மாடி." அண்ணி கையில் மாவோடு ஓடி வந்தால், "ஒண்ணுமில்ல, போ." திரும்பிப் போய் மாவில் கை வைத்ததும், "அம்மாடி." சந்தையில் தரகர்களை நிற்க வைத்து விலை ஏற்றின மனிதர், விடுவாரா? வேண்டுமென்றே குரலை இறக்கி இறக்கிச் சோதித்தார். கடைசியில் உதட்டை மட்டும் அசைத்தார். அதற்கும் அண்ணி வந்து நின்றார். எப்படி என்று கேட்டேன். "உதடு ஒட்டிப் பிரியற சத்தம் இருக்குல்ல" என்றார்.

ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து "கேட்டுச்சு மாமா" என்ற பதில் முதலில் வரும், பின்னாலேயே ஆள் வரும். அப்பா இன்னும் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அண்ணி கொடுக்கிற தண்ணீரைச் சுவரைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். ஆனால் குரல் ஏறிக்கொண்டிருக்கிறது. போன வாரம் "ஒரு தரம்" என்று சொல்லிப் பார்த்தார். ஒரு புறாவும் பறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் திரும்பிப் பார்த்தது.

அண்ணி இப்போதும் தினம் காலையில் அந்த நாற்காலியில் உட்காருகிறார். ஒரு நாள் ஸ்கூட்டரில் கேட்டேன். "கடைசி ஸீட்டுல இருக்கிறவங்க என்ன சொல்றாங்க அண்ணி? எறங்கிட்டாங்களா?"

"அவ எங்க எறங்குவா? அவளும் நானும் ஒண்ணுதானே. இப்ப மாமாவைப் பத்திப் பேசறதில்ல. வேற ஆரம்பிச்சிருக்கா."

"என்னவாம்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

நேற்று மாலை. அண்ணி சமையலறையில். அண்ணன் தூங்குகிறான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டி, பாட்டைப் போடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"டேய்."

தாழ்ந்துதான் வந்தது. வழக்கம்போல அண்ணி வந்துவிடுவார் என்று இருந்தேன். புகை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "கேட்டுச்சு மாமா" வரவில்லை. அண்ணிக்கு என்ன ஆச்சு என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

அண்ணி அங்கே வாசலில்தான் நின்றிருந்தார், கையில் கரண்டியோடு. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சுல்ல?" என்றார். "அது உன்னை."

ஹெட்போனைக் கழற்றினேன். எழுந்து போனேன்.